குழாய்க்கு விழுந்த மாலை

அன்புள்ள ஞானபூரணம் அக்காவுக்கு, சங்கரன்கோவிலிலிருந்து தம்பி ஆறுமுகச்சாமி எழுதிக்கொள்வது. கோமதி அம்மன் புண்ணியத்தில் நானும் என் வீட்டுக்காரி இசக்கிசெல்வியும் நலம். அத்தானின் முழங்கால் வலி தேவலையா? போனில் சொன்னால் நீ சிரித்துவிடுவாய். எங்கள் தெருவில் இப்போது யாரும் சிரிப்பதில்லை, அதனால்தான் கடிதம். ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் பிள்ளைகளோடு வந்தால் தண்ணீர் இருக்குமா என்று கேட்டிருந்தாய். அந்தத் தண்ணீரால் வந்த வினைதான் இது.

தெருக்குழாய் கோடையிலேயே நின்றுவிட்டது. மனுக் கொடுத்து அலுத்துப்போனேன். என் வாய் சும்மா இருக்குமா? குழாயைப் போட்டோ எடுத்து, ‘கண்ணீர் அஞ்சலி: எங்கள் தெருவின் செல்ல மகன் குழாய் அவர்கள் அகால மரணம்’ என்று ஃபிளெக்ஸ் அடித்து அதன் தலைக்கு மேலேயே கட்டினேன். துயரத்தில் வாடும் குடும்பத்தார் வரிசையில் காலிக் குடங்களின் படம். தறியை நிறுத்திவிட்டு வந்து தெருவே சிரித்தது. ஒன்று கவுன்சிலர் வெட்கப்படுவார், இல்லை ஆள் வைத்து என்னை அடிப்பார், எப்படியும் தண்ணீர் வந்துவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அவர் ரோஜா மாலையோடு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாய்க்கு மாலை போட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படி அண்ணாச்சி ஆச்சு? ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா?" என்றார். முகத்தில் துளி சிரிப்பு இல்லை, அக்கா. துட்டி கேட்கப் போன சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லையே, அதே மாதிரி ‘வாரேன்’ என்று சொல்லாமல் போனார். பின்னாலேயே எதிர்க்கட்சிக்காரர்களும் வந்து மாலை போட்டார்கள். தண்ணீர் திறந்துவிடுகிறவரைக் கேட்டால், "செத்ததுக்கு எப்படி அண்ணாச்சி தண்ணி விட? நீங்கதான அஞ்சலி போட்டிய?" என்று கும்பிடுகிறார். முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்த பக்கத்து வீட்டு மாடத்தி மதினி குழாயடியில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறாள். "சும்மா வெளையாட்டுக்குச் செஞ்சது மதினி" என்றேன். "செத்தவனப் பத்தி அப்படிப் பேசாதிய" என்றாள். இப்போது எல்லாரும் லாரித் தண்ணீர்தான் வாங்குகிறோம். குழாயைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். நானும்தான்.

ஆகையால் இந்த வருடம் தபசுக்கு வர வேண்டாம். இனி அரசாங்கத்தைக் கேலி செய்யமாட்டேன் என்று இசக்கிசெல்வி தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன். அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அம்மன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வாயாடித் தம்பி,
ஆறுமுகச்சாமி

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடு, பிள்ளைகளோடு புறப்பட்டு வா! தபாலில் போடப் போகும் வழியில் குழாயில் தண்ணீர் கொட்டியது. மாலைகளை ஒதுக்கிவிட்டு வயிறு முட்டக் குடித்தேன், வாய்விட்டுச் சிரித்தேன். ஒருவர்கூடக் குடம் எடுத்து வரவில்லை. வீட்டுக்குத் திரும்பினால் வாசல் நிறையச் செருப்பு. உள்ளே கவுன்சிலர் இசக்கிசெல்வியிடம், "எப்படி தங்கச்சி ஆச்சு? ரொம்பக் கஷ்டப்பட்டாரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னாலேயே நின்று, "ஏன் வே, நான் இங்கனதான நிக்கேன்!" என்று சிரித்தேன். ஒவ்வொருவராக எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்கள். நீ வந்துவிட்டு ஊருக்குத் திரும்பும்போது, மறக்காமல் என் முகத்தைப் பார்த்து ‘வாரேன்’ என்று சொல்லிவிட்டுப் போ, அக்கா.