திருடர்களுக்குப் பிழை திருத்திக் கொடுத்தேன்

மூத்தவராகப் பிறந்ததோடு நம் வீட்டு நிதானத்தையும் மொத்தமாக எடுத்துக்கொண்டு பிறந்த அன்பு அக்காவுக்கு, மிச்சம் மீதியை வைத்துக் காலம் தள்ளும் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. உடம்பளவில் நான் நலம். அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறார் என்று கேட்டு மகிழ்ந்தேன். மகிழ்ச்சி இந்த வரியோடு முடிகிறது. நீங்கள் உடனே புறப்பட்டு வந்து என் மகளை, உங்கள் மருமகளை, அவள் பார்க்கும் வேலையிலிருந்து மீட்க வேண்டும். நான் சொன்னால் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு அதையேதான் செய்வாள். அத்தை சொன்னால் கேட்பாள்.

பல்கலைக்கழகத்தில் கணினி ஆராய்ச்சி என்றுதான் அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். நானும் கேட்டவர்களுக்கெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி அப்படியே சொல்லி வந்தேன். கண்புரை எடுத்துவிட்டு அவள் வீட்டில் ஓய்வெடுக்க வந்தேன் இல்லையா, புதுக் கண்ணால் நான் பார்த்த முதல் காட்சி என்ன தெரியுமா? காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே தன் மாணவியிடம் போனில், "நம்ம திருடங்க ரெண்டு நாளா ரொம்ப அமைதியா இருக்காங்க, ஏதோ சரியில்ல" என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கையில் இருந்த டம்ளர் நழுவியது. "எந்தத் திருடங்கம்மா?" என்றேன். "இணையத்துல ஏமாத்தறவங்க ஒண்ணுகூடிப் பேசற இடங்கள் இருக்குப்பா. அங்க எப்படி வர்றாங்க, ஒருத்தரை ஒருத்தர் எப்படி நம்பறாங்க, எப்ப விட்டுட்டுப் போறாங்கன்னு பார்த்து எழுதறதுதான் என் வேலை" என்று சொல்லி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். அக்கா, நான் இருட்டறையும் முகமூடியும் இருக்கும் என்று நினைத்தேன். அங்கே திருட்டுக் கடவுச்சொல் விற்பவனுக்கு வாடிக்கையாளர்கள் நட்சத்திரம் போடுகிறார்கள். சரக்கு சரியில்லை என்று ஒருவன் புகார் கொடுக்கிறான், நடுவர் என்று இன்னொரு திருடன் வந்து தீர்ப்புச் சொல்கிறான். "அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன், இந்த வாரம் மோசடி வேலை தாமதமாகும், பொறுத்துக்கொள்ளவும்" என்று ஒருவன் எழுத, அதற்குக் கீழே ஆறுதல் மேல் ஆறுதல். நான் வேலை பார்த்த அச்சகத்தில் இவ்வளவு மரியாதை கிடையாது. உங்கள் மருமகளோ, "அவனுக்குப் பத்தொன்பது வயசுதான் இருக்கும்ப்பா, பேச்சுல தெரியுது" என்று பெருமூச்சு விடுகிறாள்.

இனி நடந்ததைக் கேளுங்கள். அவள் யாரோ கூப்பிட்டார்கள் என்று பால்கனிக்குப் போனாள். கணினி சாப்பாட்டு மேசையில் திறந்தபடி இருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவன், வங்கி அனுப்புவதுபோல மக்களுக்கு அனுப்ப ஓர் அறிவிப்பு எழுதி, "சரியா இருக்கான்னு யாராவது பாருங்க" என்று கேட்டிருந்தான். "அண்பான வாடிக்கையாளறே, உங்கள் கனக்கு உடணே முடக்க படும்." ஆயுள் முழுக்க மெய்ப்புத் திருத்தியவன் நான். கனக்கு என்ற சொல்லை விட்டுவிட்டு எழுந்து போக என்னால் முடியுமா? ஆள் யார், வேலை என்ன என்றெல்லாம் மூளைக்கு எட்டுவதற்குள் விரல் தட்டிவிட்டது. முழுதும் திருத்தி, முடக்கப்படும் என்பதில் ஏன் ஒற்று மிகும் என்று ஒரு வரி விளக்கமும் சேர்த்து அவள் கணக்கிலிருந்தே அனுப்பிவிட்டேன். சடசடவென்று பதில் வந்து விழுந்தது. "அண்ணே, யாருண்ணே நீங்க, இத்தனை நாளா எங்க இருந்தீங்க?" என்று ஒருவன். "பள்ளிக்கூடத்துல இப்படிச் சொல்லிக் குடுத்திருந்தா நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்" என்று இன்னொருவன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கு மனம் குளிர்ந்துதான் போயிற்று.

திரும்பி வந்தவள் திரையைப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அனுப்பிட்டீங்களாப்பா?" என்றாள். "ஒற்று மட்டும்தாம்மா போட்டேன்" என்றேன். "தப்பும் தவறுமா இருந்தா நம்பாதீங்கன்னுதான் நாங்க ஊருக்கெல்லாம் சொல்லித் தர்றோம். நீங்க அந்த ஒரு வேலியையும் பிடுங்கிட்டீங்க. இத்தனை வருஷத்துல நான் அங்க ஒரு எழுத்து எழுதினதில்ல. பார்த்தா அது ஆராய்ச்சி, எழுதினா ஒத்தாசை." "யாருக்கும்மா தெரியப்போகுது, அழிச்சிடேன்" என்றேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "அழிச்சுட்டா எனக்கும் அவங்களுக்கும் என்னப்பா வித்தியாசம்?" என்றவள், அங்கேயே உட்கார்ந்து வங்கிக்கும் காவல் துறைக்கும் எச்சரிக்கை அனுப்பினாள், பிறகு துறைத்தலைவிக்குப் போன் போட்டுத் தன்மேல் தானே புகார் சொன்னாள். திறந்த கணினியை விட்டுப் போனது தன் தவறு என்றாள். என் பெயரில் பழி போடவே இல்லை. பதவி உயர்வு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த பெண் அக்கா.

அடுத்த வாரம் பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழு எங்கள் இருவரையும் கூப்பிட்டது. நீண்ட மேசை, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில், நடுவில் தத்துவப் பேராசிரியர். "திருட்டு வேலைன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "அப்புறம் ஏன் திருத்தினீங்க?" "திருட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி ணகரத்தைப் பார்த்துட்டேங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் வங்கியிலிருந்து வந்திருந்த அதிகாரி தொண்டையைக் கனைத்தார். நான் திருத்திய செய்தி ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போயிருக்கிறது. வாங்கியவர்கள் வரிசையாக வங்கிக்கே போன் செய்து, "உங்க செய்தி எப்பவும் பிழையாத்தானே வரும், இது இவ்வளவு சுத்தமா இருக்கே, நிஜமாவே நீங்கதானா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஏமாந்தவர் யாருமில்லை. இதைச் சொல்லும்போது அந்த மனிதர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவள் வேலை பிழைத்தது. பதவி உயர்வு தள்ளிப்போனது. அவள் வருடக்கணக்காக மௌனமாக உட்கார்ந்திருந்த அந்தக் கணக்கை மூடச் சொல்லிவிட்டார்கள். இனி வேறோர் இடம் தேடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். லிஃப்டில் இறங்கும்போது, "அந்தப் பத்தொன்பது வயசுப் பையன் விட்டுட்டுப் போவானான்னு பார்க்கத்தான்ப்பா காத்துட்டிருந்தேன், இனி தெரியாமலே போயிடும்" என்றாள். ஆகவே அக்கா, தாமதிக்காமல் வாருங்கள். பட்டாம்பூச்சி, பாறை, பனிக்கட்டி என்று உலகத்தில் ஆராய எவ்வளவோ இருக்கிறது. எதையாவது காட்டி இவளைத் திருப்புங்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் ஆசியில் எனக்கு உரிய பங்கைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டு வரவும்.

இப்படிக்கு,
கலங்கிப்போயிருக்கும் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் துறைத்தலைவி கூப்பிட்டார். என்னை வீட்டில் கணினியோடு தனியாக விட்டுவைப்பது ஆபத்து, கண்ணெதிரே வைத்துக்கொள்வதே பாதுகாப்பு என்று குழு கருதுகிறதாம். திருடர்களின் பழைய பேச்சுக்களைப் படித்து வகைபிரிக்கும் வேலை, எதையும் தட்ட முடியாதபடி விசைப்பலகை இல்லாத கணினி. திங்களன்று சேருகிறேன். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், மருமகளிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். வருவதானால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வாருங்கள். மற்ற நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் திருடர்களோடு இருப்போம்.