தவக்காலத்தில் கொழுத்த மிட்டாய்

சந்தேகப்படுவது எனக்கு ரத்தத்திலேயே ஊறிய குணம். பிழைப்பும் அதற்கேற்ற மாதிரி வாய்த்தது. துறைமுகத்தில் கன்டெய்னர் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பெட்டியைச் சந்தேகப்பட்டால் சம்பளம் கொடுத்தார்கள். அந்தத் தெம்பில் பக்கத்து வீட்டைச் சந்தேகப்பட்டேன், மானம் போனது.

மிட்டாய் எங்கள் டாக்ஷண்ட் நாய்க்குட்டி. நீள உடம்பு, குட்டைக் கால். இந்த இனத்துக்கு எடை கூடினால் முதுகெலும்பு தாங்காது, பின்னங்கால் விழுந்துவிடலாம் என்று தண்டையார்பேட்டை டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டுமாம். எனக்குத் தட்டுப்பட்டது மெத்தை. பயந்துபோய், அவர் சொன்ன அளவைச் சமையலறைத் தராசில் நிறுத்து, மூன்று வேளையாகப் பிரித்து நானே வைத்தேன். தீனி டப்பாவுக்குப் பூட்டும் போட்டேன். (சாவி என் கழுத்துச் சிலுவையோடு தொங்கியது.) அப்படியும் எடை ஏறிக்கொண்டே போனது. யாரோ வெளியிலிருந்து போடுகிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

அது தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் எங்கள் தெருவில் பாதி வீடு சைவம். பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவர். நாங்கள் கவுச்சியை விட்டால் அவருக்கு வியாபாரம் படுத்துவிடும். மீன் மிஞ்சும். மிஞ்சின மீன் எங்கே போகும்? மிட்டாயின் வாயை முகர்ந்து பார்த்தேன். மீன் வாசம். (எங்கள் ராயபுரத்தில் எதை முகர்ந்தாலும் அதுதான் வரும். ஆத்திரத்தில் இருப்பவனுக்கு இதெல்லாம் எங்கே உறைக்கும்?)

துணி காயப்போடுகிற சாக்கில் மாடியிலிருந்து உளவு பார்த்தேன். செல்வி அக்கா கூடையைக் கழுவும்போது மிட்டாய் அவரைப் பார்த்து வாலாட்டியது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து ஜனங்கள் திரும்புகிற நேரமாகப் பார்த்து (என் புத்தியைச் செருப்பால் அடிக்க) அவர் வாசலில் போய் நின்றேன். என் குட்டிக்குக் கால் விளங்காமல் போனால் நீங்கள்தான் பொறுப்பு என்று கத்தி முடித்தபோது தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

செல்வி அக்கா அருவாமனையை நிதானமாக ஓரம் வைத்தார்.

"இன்னா நைனா, ஒத்த காரப்பொடி மீனு மிஞ்சினாலும் ஐஸ்ல வெச்சு மறுநாளு விக்கிறவ நானு. உன் நாய்க்கு ஊட்டவா காசிமேட்டுக்குப் போய்க்கினு வர்றேன்?"

கூட்டத்தில் என் அப்பா கனைத்தார். தவக்காலத்தில் ஆளுக்குப் பிடித்த ஒன்றை விட வேண்டும். அவர் விட்டது முட்டை. விட்டதை இல்லாதவர்களுக்குக் கொடுங்கள் என்று ஃபாதர் பிரசங்கத்தில் சொன்னாராம். தினமும் அவரே அவித்து, உரித்து, மிட்டாய்க்குத் தானம் செய்திருக்கிறார்.

"நம்ம வூட்ல அத்தவிட இல்லாதது யார்றா கீது?" என்றார்.

என் மனைவி ஸ்டெல்லா முக்காட்டைச் சரிசெய்தபடி, தான் விட்டது பால் என்று முனகினாள். அதுவும் அதே வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது.

குற்றவாளிகள் கிடைத்துவிட்டார்கள் என்று நழுவப் பார்த்தேன். செல்வி அக்கா விடவில்லை.

"நீ இன்னா வுட்ட?"

டீக்குத் தொட்டுக்கொள்கிற பிஸ்கட் என்றேன். அது எங்கே போகிறது என்று கேட்டார். வயிறு தரையில் உரச மிட்டாய் ஓடி வந்து, என் காலடியில் உட்கார்ந்து, சட்டைப் பையை அண்ணாந்து பார்த்து வாலாட்டியது. தெரு சிரித்த சிரிப்பில் எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. (பிஸ்கட்டெல்லாம் சாப்பாட்டில் சேரும் என்று சத்தியமாக நான் நினைக்கவே இல்லை.) செல்வி அக்காவிடம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

தானதருமத்தை நிறுத்தியதும் மிட்டாய்க்கு இடுப்பு தெரிந்தது. இப்போது ஜம்மென்று ஓடுகிறது. ஆனால் தவக்காலம் தொடங்குகிற ஒவ்வொரு சாம்பல் புதனும், நெற்றியில் சாம்பலோடு நாங்கள் கோயிலிலிருந்து திரும்பும்போது, செல்வி அக்கா எங்களைக் கண்டுகொள்ளாமல் நேராக மிட்டாயிடம் குனிந்து கேட்பார்:

"இன்னாமா, இந்த வருசம் உனுக்கு இன்னா மெனு?"