பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருபதாம் பாடம்

"மறுபடியும் ரயிலா!" என்று ஜெயராணி தலையில் அடித்துக்கொண்டாள்.

ரயிலடி ஊரான பொம்மிடியில் பிறந்தவள் ரயிலைத் திட்டலாமா? ஆனால் செல்போனில் பாடம் பதிவு செய்கிறவளுக்கு வேறு வழியில்லை. வீட்டில் மிக்சி, தெருவில் ஐஸ் வண்டி, மாதா கோயில் தோட்டத்தில் ரயில்.

தையல்காரி ஜெயராணியும் சிநேகிதி மதலேனம்மாளும், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர நடத்தும் பாட்காஸ்ட் அது. பத்தொன்பது பாடம் போட்டாயிற்று. நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை என்று ஒருத்தியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இதுக்கும் யாரும் வாயத் தொறக்கலன்னா கடையக் கட்டிடலாம் மதலேனா." சொல்லும்போதே ஜெயராணிக்கு அழுகை வந்தது.

"மொதல்ல பேசு. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள்ள ஒரு சத்தமும் வராது. சாமியார்தான் சேலம் போயிட்டாரே!"

பாவத்தைச் சொல்ல வருகிறவர்கள் வெளியே முழந்தாளிட, சாமியார் உள்ளே உட்கார்ந்து கேட்கும் மரக்கூண்டு அது. ஜெயராணி சிலுவை போட்டுக்கொண்டு நுழைந்தாள். மதலேனம்மாள் கோயில் வாசலில் காவல் நின்றாள். அடடா, என்ன அமைதி! ஜெயராணிக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவள் குரல் தெருவரை கேட்டது.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஓட்டை போட்ட மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ முழந்தாளிட்டாள்.

"பொய் சொல்லிட்டேனுங்க. கையெழுத்துப் போடத் தெரியும்னு வூட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். பாதிப் பேருலயே கை நின்னு போவுதுங்க."

ஜெயராணி சட்டென்று பதிவை நிறுத்தினாள். வெளியே ஓடினால் மானம் போகும். சாமியாரைப் போலக் குரலைக் கட்டையாக்கினாள்.

"தினம் பத்து தடவ எழுதும்மா. வந்துடும்."

"சரிங்க!" என்று துள்ளி எழுந்து போனாள் அவள். உடனே அடுத்தவள்.

"தேதி முடிஞ்ச மருந்த மாமியாருக்குக் குடுத்துட்டேனுங்க."

"ஐயையோ! அவங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலைங்க. அதான் தேதியத் தப்பாப் படிச்சிட்டனோன்னு சந்தேகம்."

மதலேனம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்து கதவிடுக்கில் கிசுகிசுத்தாள். "வரிசை வாசலத் தாண்டிடுச்சுடி!"

"வெரட்டி வுடு!"

"பாவம் சொல்ல வந்தவங்கள வெரட்டுனா, அந்தப் பாவத்த நான் எங்க போய்ச் சொல்றது?"

அடுத்து வந்தவளின் நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறு. எதிர்த் தெருக் குள்ளம்மாள்! ஜெயராணிக்கு வியர்த்தே விட்டது. இருக்கிற கட்டைக் குரலையெல்லாம் திரட்டினாள்.

"மாசாமாசம் தீர்த்தமலைச் சிவன் கோயிலுக்குப் போறவ, இங்க என்னம்மா பாவத்தச் சொல்லப் போற?"

குள்ளம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பாவமா? மூணு மாசமா காதுலயே கெடக்குற கொரலு எங்களுக்குத் தெரியாதா டீச்சர்? மூஞ்சப் பாத்துச் சந்தேகம் கேக்கத்தான் இத்தன நாளா வெக்கமா இருந்துச்சு!"