மஞ்சள் அட்டை இல்லாத கிண்ணம்

அன்பு மிகுந்த மச்சானுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். உங்கள் அக்காவும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். பதினோரு நாளாக அவள் என்னோடு பேசாததால் கேட்டு உறுதிசெய்ய வழியில்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்தை வைத்துப் பார்த்தால் உடம்பில் தெம்பு நன்றாகவே இருக்கிறது. அங்கே உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாகவும், முக்கியமாக ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டும் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

மச்சான், இத்தனைக்கும் காரணம் நீங்கள்தான். நான் ஓய்வு பெற்ற அன்று எனக்குக் கைக்கடிகாரம் கொடுத்தீர்கள், சரி. அக்காவுக்கு எதற்கு மட்பாண்டம் வனைகிற மின்சாரச் சக்கரம்? "ரெண்டு பேரும் வீட்ல சும்மா உக்காந்திருந்தா சண்டை வரும் அத்தான்" என்றீர்கள். சும்மா உட்காராமலே வந்துவிட்டது. ஆறே மாதத்தில் வீடு முழுக்கக் கோப்பை, கிண்ணம், கூஜா. துணி அலமாரியைக் கிண்ணங்கள் எடுத்துக்கொண்டதால் என் சட்டைகள் இப்போது ஒரு பெரிய பூஞ்சாடிக்குள் இருக்கின்றன. பூஞ்சாடியிலும் இடம் தீர்ந்த பிறகுதான் சனி ஞாயிறு கலைச்சந்தையில் கடை போடுவது என்று உங்கள் அக்கா முடிவெடுத்தாள்.

சந்தை என்றால் வங்கிக்குப் பின்னால் கார் நிறுத்துகிற இடம். ஆளுக்கொரு கூடாரம், ஒரு மடக்கு மேஜை. முதல் வாரம் காற்று அடித்து, கூடாரத்தின் ஒரு காலை நான் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதில், அதையும் கலை என்று நினைத்து இரண்டு பேர் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் வாரம் மழை. எல்லாக் கிண்ணமும் நிறைந்தது, விற்பனை இல்லை. மூன்றாம் வாரம் நல்ல வெயில், நல்ல கூட்டம், வந்தவர்கள் எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்து, "இத நாமளே வீட்ல செஞ்சுடலாம்" என்று எங்கள் காதுபடவே சொல்லிவிட்டு, கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். நான்காம் வாரம் ஒரு கோப்பை விற்றது. வாங்கியவர் பக்கத்துக் கடை மெழுகுவர்த்திக்காரர். மரியாதைக்கு நாங்கள் அவரிடம் மெழுகுவர்த்தி வாங்கினோம், அந்த மரியாதைக்கு அவர் இன்னொரு கோப்பை வாங்கினார், யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் சாயங்காலம் வரை போனது. இப்போது வீட்டில் முப்பத்தொரு மெழுகுவர்த்தி இருக்கிறது, மின்சாரம் ஒரு நிமிஷம்கூடப் போகமாட்டேன் என்கிறது.

ஐந்தாம் வாரம்தான் வினை. உங்கள் அக்கா சாப்பிடப் போயிருந்தாள். ஒரு பெண்மணி கூஜாவைத் தூக்கி, "இது நல்லாருக்குமாங்க?" என்று கேட்டார். பம்பு கம்பெனியில் தரப் பரிசோதகனாக முப்பத்துநான்கு வருஷம் இருந்த ஒருவனிடம் கேட்கிற கேள்வியா இது? பையிலிருந்த காலிப்பரை, மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கிற கருவியை, எடுத்து அளந்தேன். "கைப்பிடி நாலு மில்லிமீட்டர் எடப்பக்கம் சாயுதும்மா. மூடி தளர்ச்சி. ஊத்துறப்ப கடைசிச் சொட்டு மேஜைலதான் விழும்" என்றேன். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படியே எழுதிக் குடுங்க, வாங்கிக்கறேன்" என்றார். கம்பெனியில் பழுதான பம்புக்குக் கட்டுகிற மஞ்சள் அட்டை ஒரு கட்டு, விடைபெற்ற அன்று என்னோடு வந்துவிட்டது. எழுதி, கையெழுத்துப் போட்டு, நூல் கோத்துக் கட்டிக் கொடுத்தேன்.

மறுவாரம் எல்லாவற்றுக்கும் கட்டினேன். மத்தியானத்துக்குள் மேஜை காலி. உங்கள் அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு, ஏதோ ஒரு அட்டையைத் திருப்பிப் படிக்கிற வரை. 'கிண்ணம். வாய் கோணல். செய்தவருக்கு அவசரம்.' அட்டையை அப்படியே கவிழ்த்து வைத்தாள். ஆனால் அதற்குள் விஷயம் கைமீறிவிட்டது. "இதவிடக் கோணலா ஒண்ணு இருக்கா சார்?" என்று கேட்டு வருகிறார்கள். ஒழுங்காக வந்த சாமானைச் சீந்த ஆளில்லை. கண்ணாடி போட்ட ஒருவர் வாங்கிப்போன கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, "வெச்சா ஆடும்னு எழுதியிருக்கீங்க, எங்க வீட்ல ஆடவே மாட்டேங்குது" என்று சண்டை பிடித்தார். அவர் வீட்டுக்கே போய் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். கோணல் அவருடைய மேஜை. மேஜைக்கு ஒரு அட்டை எழுதிக் கட்டிவிட்டு வந்தேன், மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்கப்புறம் ஊரிலிருக்கிற குடை, செருப்பு, நாற்காலி எல்லாம் நம் கடைக்கு முன்னால் வரிசையில் வந்தன. ஒரு அம்மா மருமகனைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். மருமகனுக்கு நான் எழுதித் தரவில்லை, அது என் துறை இல்லை. சந்தைக் குழுத் தலைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த மாசத்துலேர்ந்து உங்களுக்குத் தனிக் கடை தர்றோம், கலைஞர் வரிசையில" என்றார். உங்கள் அக்காவின் காது கூர்மையானது என்பது உங்களுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து மூன்று வாரம் அவள் சந்தைக்கு வரவில்லை. சக்கரமே கதி. செய்வாள், பார்ப்பாள், உடைப்பாள். நான்காவது சனிக்கிழமை வந்து, கூட்டத்துக்கு நடுவில், சாம்பல் நிறத்தில் கையளவு கிண்ணம் ஒன்றை என் முன்னால் வைத்தாள். "பாருங்க" என்றாள், அவ்வளவுதான். நானும் பார்த்தேன். வாய்வட்டத்தை எட்டு இடத்தில் அளந்தேன். ரசமட்டம் வைத்தேன். தட்டிக் காதில் வைத்துக் கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் பொறுமை இழந்து உட்கார்ந்துவிட்டார்கள். நாற்பது நிமிஷம் பார்த்தேன் மச்சான். ஒரு குறைகூட அகப்படவில்லை. கிண்ணத்தை வலப்பக்கம் நகர்த்திவிட்டு, "அடுத்தது" என்றேன்.

உங்கள் அக்கா அந்தக் கிண்ணத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறிப் போய்விட்டாள். பேசாமல் இருப்பது அன்றிலிருந்துதான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மெழுகுவர்த்திக்காரர்தான், "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்" என்றார். என்ன வார்த்தை? எங்கள் கம்பெனியில் பழுதுக்கு மட்டும்தான் அட்டை. தேறிய பம்பை வலப்பக்கம் நகர்த்துவோம், அதற்கு ஒன்றும் எழுதமாட்டோம், ஒன்றும் சொல்லமாட்டோம். வலப்பக்கம் போவதுதான் பெருமை. இதை அவரிடம் விளக்கிக்கொண்டிருக்கும்போதே எனக்கே உறைத்தது. வீட்டிலும் நான் அப்படித்தானே இருந்திருக்கிறேன்? குழம்பில் உப்புக் கூடினால் சொல்லியிருக்கிறேன். சரியாக இருந்த நாளெல்லாம் தட்டை வலப்பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போயிருக்கிறேன். அவளைப் பெண் பார்க்க வந்த அன்றும், எல்லாம் பிடித்துப்போய் நான் வாயே திறக்கவில்லை. உங்கள் அப்பா மூன்று நாள் தூங்கவில்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். முப்பத்தொரு வருஷமாக அவள் காதில் விழுந்ததெல்லாம் மஞ்சள் அட்டை மட்டும்தான் என்று நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

ஆகவே மச்சான், இந்தக் கடிதம் கிடைத்ததும் அக்காவுக்குப் போன் செய்யுங்கள். கிண்ணம் தேறிவிட்டது, சமையல் தேறிவிட்டது, அவளும் பெண் பார்த்த அன்றைக்கே தேறிவிட்டாள் என்று சொல்லுங்கள். நான் நேரில் சொன்னால், "இப்ப என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்பாள். தனிக் கடை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். காலிப்பரைப் பார்சலில் உங்களுக்கு அனுப்பிவிட்டேன், என் கண்ணில் படாமல் பூட்டி வையுங்கள். இனி இந்தக் கையால் ஒரு குறையும் எழுதுவதில்லை.

பிள்ளைகள் நன்றாகப் படித்து நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ என் ஆசிகள். உங்கள் மனைவிக்கு என் அன்பு. அவர் சமையல் பற்றிப் போன தடவை நான் ஒன்றும் சொல்லாமல் வந்ததற்கு அர்த்தம் இப்போது உங்களுக்கே தெரியும், தயவுசெய்து அவரிடமும் எடுத்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு: போன் செய்ய வேண்டாம். பசை தேடி நான் உள்ளே போன நேரத்தில் உங்கள் அக்கா கடிதம் முழுவதையும் படித்துவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால், கடிதத்தின் மூலையில் மஞ்சள் அட்டை ஒன்று நூலில் தொங்குகிறது. அவள் கையெழுத்து: 'கடிதம். ஐந்து பக்கம் அதிகம். கையெழுத்து இடப்பக்கம் சாய்வு. கடைசிப் பக்கம் மட்டும் தேறியது.' இப்போது பேசுகிறாள். இன்றைக்குக் கஞ்சியை அந்தச் சாம்பல் கிண்ணத்திலேயே ஊற்றி வைத்தாள். "பிரமாதம்" என்றேன். "கஞ்சியா, கிண்ணமா?" என்றாள். "ரெண்டும்" என்றேன்.

காலிப்பரை உடனே திருப்பி அனுப்புங்கள், சனிக்கிழமை வேண்டுமாம். அட்டை எழுதாவிட்டால் சாமான் போகாது என்று அவளே சொல்லிவிட்டாள். இன்னொன்று, உங்களுக்கு மட்டும்: இந்த வரிகளைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். அந்தக் கிண்ணம் கசிகிறது. அடியில் முடி போல ஒரு கீறல். பம்பு கம்பெனியில் முதல் சோதனையே தண்ணீர் விட்டுப் பார்ப்பதுதான். நாற்பது நிமிஷத்தில் எனக்கு அது தோன்றவில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பினதும் மேஜையைத் துண்டால் துடைத்துவிட்டேன். நாளைக்கும் துடைப்பேன். கிண்ணம் தேறியது.