அட்சதையைத் தின்றவள்

மேடையில் என் தங்கை செல்வி. பக்கத்தில் மாப்பிள்ளை. எதிரே ஐயர். பின்னால் மாப்பிள்ளையின் அம்மா, அவர் தம்பியான மாப்பிள்ளையின் மாமா. ஓரமாக நான், கையில் அட்சதைத் தட்டோடு. கீழே பாதிப் பேர் பெங்களூரில் எங்கள் ஏரியா நீலசந்திரா, பாதிப் பேர் மாப்பிள்ளை வீட்டு தொம்மலூர்.

அம்மா போனபிறகு செல்விக்கு எல்லாம் நான்தான். அதனால் தட்டும் என்னிடம்.

எனக்குப் பச்சரிசி மெல்லும் பழக்கம். கார்மெண்ட்ஸில் காலர் தைக்கும்போது முந்தானையில் முடிந்து வைத்திருப்பேன். (சிலர் பாக்கு போடுவாங்க. நமக்கு அரிசி.)

அன்று மந்திரம் நீண்டது. ஒரு சிட்டிகை வாயில் போட்டேன். மஞ்சள் வாசனை நன்றாக இருந்தது. இன்னொரு சிட்டிகை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து ஒரு அம்மா முதுகைத் தடவினார். நிம்மதியாக மென்றேன்.

தாலி கட்டும் நேரம். ஐயர் கை நீட்டி, அட்சதை எங்கே என்று கன்னடத்தில் கேட்டார்.

"அக்ஷதெ எல்லம்மா?"

தட்டில் மஞ்சள் கறைதான் இருந்தது. என் உதட்டிலும். (சின்னத் தட்டுங்க.)

மாப்பிள்ளையின் மாமா எட்டிப் பார்த்தார். "தின்னுட்டாளா? அபசகுனம். தாலிய நிறுத்துங்க."

மேளம் நின்றது. செல்வி என்னைப் பார்த்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"வெளுத்துக் கெடக்கு. எத்தன நாளா மெல்லுற?"

"ஒரு வருஷமாங்க."

"எனக்கு மூணாவது புள்ளைக்கு அப்புறம் செங்கல் பொடி திங்கத் தோணிச்சு. ரத்தத்துல சத்து இல்லன்னாங்க." தம்பி பக்கம் திரும்பினார். "இது சகுனம் இல்லடா, சீக்கு. மாலைல இருந்து பூவ உதிருங்க. நேரம் போவுது."

பூ தூவித்தான் தாலி ஏறியது.

மறுவாரம் மாப்பிள்ளையின் அம்மாவே என்னை டாக்டரிடம் இழுத்துப் போனார். ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆறு புள்ளி எட்டு. பெண்களுக்குக் குறைந்தது பன்னிரண்டு வேண்டுமாம். இரும்புச்சத்து குறைந்தால் சிலருக்கு அரிசி, மண் எல்லாம் தின்னத் தோன்றுமாம். மாத்திரை கொடுத்தார். அதை டீயோடு விழுங்கினேன். நம்பர் அசையவில்லை. சாப்பாட்டோடும் மாத்திரையோடும் டீ கூடாது என்று திட்டு வாங்கினேன். பிறகு எலுமிச்சைச் சாறு, முருங்கைக்கீரை, ராகி, ஞாயிற்றுக்கிழமை ஈரல்.

படியேறினால் மூச்சு வாங்கும். அது வேலைக் களைப்பு என்றே நினைத்திருந்தேன். கம்பெனியில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் இருந்தோம். வீட்டில் எல்லோரும் தின்ற மிச்சத்தைத் தின்றோம், டீயில் பசியை அடக்கினோம். எல்லோரும் வெளுத்திருந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்?

இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அட்சதை என் கைக்கு வராது. பூதான் வரும். செல்வி வீட்டார் என்னை நல்லா இருக்கியா என்று கேட்பதில்லை. "எவ்வளவு?" என்று கேட்பார்கள்.

போன மாதம், பன்னிரண்டு புள்ளி ஒன்று.