அம்மா கேட்ட சாவி வாட்ச்

கோட்டைக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

வேலூரில் கணவர், பிள்ளைகள், இரண்டு பசுக்கள் சகிதம் சீரும் சிறப்புமாக வாழும் அன்பு அக்கா நந்தினிக்கு, தம்பி தருமன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா சுகம், நான் சுகம், ஏரியில் தண்ணீரும் சுகம். அங்கே மனிதர்களும் மாடுகளும் அவ்வண்ணமே என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து நிற்கிறாள். அம்மா இல்லாத நேரத்தில் பேசலாம் என்றால், நம் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் முனியம்மா அக்காவின் காது இருக்கிறது. எழுத்துக்குத்தான் சத்தம் கிடையாது.

பொங்கலுக்கு வந்துவிட்டுப் போகும்போது நீ வாசலில் நின்று சொன்னது நினைவிருக்கும். "நீ அம்மாவப் பாத்துக்கற லட்சணம் இதான்னா, சித்திரையில நானே கூட்டினு பூடுவேன்." அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சரி, இறங்குகிறது, ருசிக்கவில்லை. போன பிறந்தநாளுக்கு நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த கால் அமுக்கும் மிஷினின் மேல் அம்மா நெத்திலி காயவைத்திருந்ததை நீ பார்த்துத் தொலைத்தாய். ஆகவே இந்த எழுபதாவது பிறந்தநாளுக்காவது அவள் மனசுக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுத்து, அம்மா இங்கேயே சந்தோஷமாகத்தான் இருக்கிறாள் என்று உன் முகத்துக்கு நேரே நிரூபித்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு, "இன்னாம்மா வேணும் ஒனக்கு?" என்று கேட்டேன். வழக்கமாக, "ஒண்ணும் வேணாம், நீ ஒரு கல்யாணத்தப் பண்ணு போதும்" என்பாள். நாற்பத்தொன்பது வயதுக்காரனிடம் இன்னும் நம்பிக்கையோடு அப்படிச் சொல்கிற ஒரே ஜீவன். ஆனால் இந்த முறை, "ஒரு வாட்ச்சு வாங்கியாடா. பழசா, சாவி குடுக்கறது" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா மணி பார்த்து நான் பார்த்ததே இல்லை. மணிதான் அம்மாவைப் பார்த்து நகரும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"புதுசா பேட்டரி போட்டதே வாங்கித் தரேம்மா."

"அது உப்புக் காத்துல ரெண்டு மாசத்துல பூடும். சாவி வாட்ச்சுன்னா நாம திருகுனா ஓடும். பெத்த புள்ள திருகுனாலும் ஓடல, அதுவாச்சும் ஓடட்டும்."

நமக்குக் கட்டுப்படியாகிற விலையில் செல்போனில் தேடினேன். 'ஐம்பது வருடப் பழசு, புத்தம் புதுசு' என்று ஒருவன் போட்டிருந்தான். அந்த இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று யோசிக்கிற மூளை இருந்திருந்தால் நான் ஏன் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்? நாலாம் நாள் வந்தது. நீல முகம், சும்மா தகதகவென்று. பட்டை மாற்றுவதற்காகப் பழவேற்காடு கடைத்தெருவில் அப்துல் ஹை பாயிடம் கொண்டுபோனேன். பாய் கண்ணில் லென்ஸை மாட்டி, முதுகு மூடியைத் திறந்தார். செத்தவர் வீட்டுக்கு வந்தவர் போலத் தலையாட்டினார்.

"தருமா, இது வாட்ச்சு இல்லடா. கூட்டுக்குடும்பம்."

"இன்னா பாய் சொல்றீங்க?"

"முள்ளு ஒரு கம்பெனி, மிஷினு ஒரு கம்பெனி, மூடி எவன் ஊட்டுதோ. மொகத்துக்குப் போன வாரம் பெயின்ட் அடிச்சிருக்கான், இன்னும் வாசன போவல. பழசுன்னா பழசாத் தெரியணும்டா. மொகம் லேசா மஞ்சளா, எழுத்து லேசா மங்கலா இருக்கணும். வயசுக்கு மீறிப் பளபளன்னு இருந்தா நம்பாத" என்றார், சாயம் போட்ட என் மீசையைப் பார்த்துக்கொண்டே.

அந்தக் கூட்டுக்குடும்பத்தை வந்த வழியே திருப்பி அனுப்பினேன். பிறகு பாய் தன் மேஜை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்தார். மோர் நிறத்து முகம், பெரிய எழுத்து, ஏழுக்குப் பக்கத்தில் ஒரு கீறல். காதில் வைத்தால் கோழிக்குஞ்சு கொத்துகிற மாதிரி சத்தம். "பொம்பள வாட்ச்சு வேணாம், எழுத்து சின்னது, ஒங்கம்மாவுக்குத் தெரியாது. இதான் சரி. ஆனா அவங்க தண்ணியில எறங்குவாங்களே?" என்றார். நான் விடுவேனா? "முதுகுல வாட்டர்ப்ரூஃப்னு போட்டிருக்கே பாய்!" என்றேன். "அம்பது வருஷம் முன்னாடி போட்டது. அப்ப நாங்கூட வாட்டர்ப்ரூஃப்தான்" என்றார். மனுஷன் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை பார்.

பிறந்தநாளன்று கொடுத்தேன். அம்மா வாங்கி, திருகி, காதில் வைத்து, சிரித்தாள். அக்கா, அம்மா சிரித்தாள்! மறுநாள் காலை அந்த வாட்ச்சோடு அவளைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பி உன் வாயை அடைக்கலாம் என்று ஏரிக்கரைக்கு ஓடினேன். அம்மாவைச் சுற்றிப் பன்னிரண்டு பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, கையால் சேற்றைத் துழாவி எறா பிடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் பல்லிலும், பிடித்ததைப் போடுகிற ஓலைப்பறியின் கயிறு. உனக்குத் தெரியாததா? கை இரண்டும் தண்ணீருக்குள்ளே இருக்கும், பறியை வாய்தான் பிடிக்க வேண்டும். அப்போதுதான், அக்கா, என் மண்டையில் இடி இறங்கியது. இவள் சம்பாதித்துப் போட்ட சோற்றை இத்தனை வருஷம் தின்றவன், பகலெல்லாம் மணிக்கட்டு தண்ணீருக்குள் இருக்கிற ஒருத்திக்குக் கைக்கடிகாரம் வாங்கியிருக்கிறேன்!

பதறிப்போய், "அம்மா! வாட்ச்சு எங்க? மணி இன்னா?" என்று கரையிலிருந்தே கத்தினேன்.

அம்மா நிமிர்ந்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே பழக்கப்பட்டவள். "பத்தே..." என்று வாயைத் திறந்தாள். பறியை இடுப்பில் கட்டிக்கொண்டு, அன்றைக்குப் பல்லில் கடித்திருந்தது வாட்ச்சை. அது ஏரிக்குள் போயிற்று.

"அறிவு கெட்டவனே, வாயில வாட்ச்சு வச்சினு இருக்கறவகிட்டயாடா மணி கேப்ப?" என்று முனியம்மா அக்கா தொடங்கிவைக்க, மற்ற பதினொரு பேரும் என் பரம்பரையை விசாரித்துக்கொண்டே தேடினார்கள். நம் பரம்பரை உனக்கும்தான், அதனால் விவரம் எழுதவில்லை. அஞ்சே நிமிஷத்தில் முனியம்மா அக்கா சேற்றோடு அள்ளி எடுத்துவிட்டாள். "எறான்னா துள்ளும். இது கெடந்த எடத்துலயே கெடக்குது, ஒன்ன மாதிரி."

பாய் திறந்து பார்த்து, "உள்ள பாதி ஏரி இருக்குது" என்றார். மூன்று நாள் வைத்துக் கழுவி, எண்ணெய் விட்டு, பிழைக்கவைத்துவிட்டார். இப்போது அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். ஊறுகாய் பாட்டிலுக்குள் வாட்ச்சைப் போட்டு மூடி, தண்ணீரில் நட்ட சவுக்குக் கம்பில் கட்டித் தொங்கவிடுகிறாள். பன்னிரண்டு பேரும் நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கிறார்கள். "இன்னாத்துக்கும்மா மணி?" என்று அப்போதுதான் கேட்டேன், வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை. "ரெண்டு மணி நேரத்துக்கு மேல தண்ணியில நிக்காதன்னு டாக்டரம்மா சொல்லிச்சு. உள்ள நின்னா நேரமே தெரியல, காலு வீங்கிப்பூடுது" என்றாள். நான் அந்தக் காலுக்குத்தான் மிஷின் வாங்கியிருந்தேன்.

எப்படியோ, இப்போது அம்மா நேரத்துக்குக் கரையேறுகிறாள், வீக்கம் குறைந்திருக்கிறது, ஆகவே நீ சித்திரையில் சிரமப்பட்டு வர வேண்டாம். அம்மாவை நான் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, பசுக்களுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தம்பி,
தருமன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனேன். அம்மா பிடுங்கிக்கொண்டு, உரக்கப் படிக்கச் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு "ம்" கேட்டது. கடைசிவரை கேட்டுவிட்டு, நான் சொல்கிறேன், அப்படியே எழுது என்றாள். எழுதுகிறேன். "நந்தினி, நா எங்கயும் வரல. எனக்கு இங்க வேல இருக்குது, பன்னெண்டு பேருக்கு மணி பாக்கணும். நீ இவனக் கூட்டினு போ. வெள்ளிக்கெழம பஸ்ஸுல ஏத்தி வுடறேன், கூடவே கருவாடும் குடுத்து அனுப்பறேன். கருவாடு ஒரு மாசம் தாங்கும். இவன் எத்தினி நாளு தாங்குவான்னு நீயே பாத்துக்கோ."