முதல் மாடியில் நின்றுவிடும் லேப்டாப்

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் அக்கா, உங்கள் மருமகள் மூவரும் நலம். அங்கே நீங்களும், உங்கள் வீட்டாரும், நீங்கள் வேலை பார்க்கும் லேப்டாப் கம்பெனியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கம்பெனியின் நலம் பற்றி எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு. அவற்றைக் கீழே விவரமாக எழுதுகிறேன். உட்கார்ந்து படிக்கவும்.

நான் முப்பத்து நான்கு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். நான் தெருமுனையில் திரும்பினால் போதும், மார்க்கெட்டில் பாதித் தராசுகள் தாமாகவே நேராகிவிடும். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் ஒரு கொக்கித் தராசு இல்லாமல் வெளியே போனதில்லை. உங்கள் அக்கா இதைப் பைத்தியம் என்கிறாள். தொழில் பக்தி என்பது பக்கத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மருமகள் ஒரு செங்கல் வைப்பதற்கு முன்பே முழுக் கட்டடத்தையும் கம்ப்யூட்டரில் எழுப்பி, அதற்குள் ஆளை நடக்கவிட்டுக் காட்டுகிறவள். கதவு திறக்கும், வெயில் தரையில் விழும், படியேறலாம். ஊரில் கட்டப்போகும் புதிய நூலகத்துக்கு நாற்பத்திரண்டு பேர் வரைபடம் அனுப்பியதில் ஐந்து பேரைத்தான் நேரில் வந்து காட்டச் சொன்னார்கள். அதில் ஒருத்தி நம் பெண். மற்ற நாலும் பெரிய பெரிய அலுவலகங்கள். இவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து செய்தவள். இந்தச் செய்தியைப் பால்காரர், தபால்காரர், தவறான எண்ணுக்குப் போன் செய்த ஒருவர் உட்பட எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பெற்றவனுக்கு இதைவிட வேறென்ன வேலை?

அவளிடம் ஏற்கெனவே ஒரு லேப்டாப் உண்டு. அதை லேப்டாப் என்று சொன்னால் மடி கோபித்துக்கொள்ளும். சார்ஜரோடு மூன்று கிலோ ஐந்நூற்று ஐம்பது கிராம். அதைத் தூக்கித் தூக்கி அவளுடைய வலது தோள் இறங்கிவிட்டது; முள் ஒரு பக்கம் சாய்ந்த தராசு மாதிரி நடக்கிறாள். ஊரில் எத்தனையோ தராசைச் சரி செய்தவன், சொந்தப் பெண் சாய்ந்து நடப்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பேனா? நேரே கடைக்குப் போனேன். அங்கே இருந்த விற்பனைப் பெண் பிராசஸர், மெமரி என்று ஒப்பிக்க ஆரம்பித்தாள். நான் கொக்கித் தராசை எடுத்தேன்.

"சார், என்ன பண்றீங்க?"

"எடை போடறேம்மா. நீ சொல்லிக்கிட்டே இரு."

பதினொரு லேப்டாப்பை நிறுத்தேன், மச்சான். ஒன்றில்கூட அட்டையில் போட்ட எடை நிஜ எடையோடு ஒத்துப்போகவில்லை. ஏன் என்றால் சார்ஜரைச் சேர்க்காமல் போட்டிருக்கிறார்கள்! காய்கறிக்காரர் இப்படிச் செய்திருந்தால் தராசைப் பறிமுதல் செய்திருப்பேன். கடைசியில் சார்ஜரோடு ஒரு கிலோ இருநூற்று அறுபது கிராமுக்கு ஒன்று அகப்பட்டது. ஐந்து நிறத்தில் இருந்தது. ரோஜா நிறம்கூட உண்டு. வாங்கிக்கொண்டு மார்பை நிமிர்த்தி வீட்டுக்கு வந்தேன். உங்கள் மருமகள் கையில் வாங்கிப் பார்த்து, "சூப்பர்பா, கையில இருக்கறதே தெரியல" என்றாள். அன்றைக்கு நான் இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டேன்.

ஆனால் தோள் நிமிரவில்லை. நானும் கதவுக்குப் பின்னால் நின்று, மாடியில் நின்று, எதிர்க் கடையில் நின்று பார்த்தேன். அதே சாய்மானம். ஒரு நாள் அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பையைத் தூக்கிக் கொடுத்தேன். என் கை உடனே சொல்லிவிட்டது, உள்ளே நாலு கிலோ எண்ணூறு கிராம் என்று. திறந்தால், இரண்டு லேப்டாப்பும் உள்ளே! பிறகு நிறுத்துப் பார்த்தேன், நாலு கிலோ எண்ணூற்றுப் பத்து. பத்து கிராம் தவறிவிட்டது. வயதாகிறது அல்லவா?

"ரெண்டும் எதுக்கும்மா?"

"நீங்க வாங்கிக் கொடுத்ததை உங்களுக்குத் தெரியற மாதிரி எடுத்துட்டுப் போகணும்ல. வேலை செய்யறதுக்குப் பழசு வேணும்."

எனக்காக, மச்சான், என் மனசு நோகக்கூடாது என்பதற்காக இரண்டையும் சுமந்திருக்கிறாள். எனக்குக் கண் கலங்கியது, கோபமும் வந்தது. "ஏன், இதுல உன் வேலை ஓடாதா?" என்றேன். ஓடவிட்டுக் காட்டினாள். நூலகத்தின் கண்ணாடிக் கதவு திறந்தது. உள்ளே போனோம். படியேறினோம். கடைசிப் படியில் கால் வைத்ததும் படம் நின்றுவிட்டது. உள்ளே விசிறி கத்துகிறது, அடிப்பாகம் தோசைக்கல்லாகக் காய்கிறது, கட்டடம் துண்டு துண்டாக உடைந்து தொங்குகிறது.

"மேல என்ன இருக்கு?"

"நேர்ல காட்டற அன்னைக்கு வந்து பார்த்துக்கோங்க."

காரணம் கேட்டேன். கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்றாம். படத்தை வரைவதெல்லாம் அதுதானாம். அது பெரிதாக இருந்தால் சூடாகும், சூடானால் பெரிய விசிறி வேண்டும், பெரிய விசிறி வைத்தால் லேப்டாப் தடிக்கும். ஆகையால் மெல்லியதில் சின்னதுதான் வைப்பார்களாம். மறுபடி கடைக்குப் போய், "இதே உடம்புல பெரிய கார்டு போட்டது இருக்கா?" என்று கேட்டேன். "அந்த ஆப்ஷன் இல்ல சார், ரோஜா கலர் இருக்கு" என்றாள் அந்தப் பெண். ரோஜா நிறத்தை வைத்துக்கொண்டு நான் படியேற முடியுமா?

நேரில் காட்டவேண்டிய நாளும் வந்தது. அன்று காலை ஒரு காரியம் செய்தேன். நல்ல எண்ணத்தில் செய்தது. பெரிய லேப்டாப்பின் சார்ஜர் மட்டும் எண்ணூற்றுத் தொண்ணூறு கிராம் இருந்தது. சின்னதுடையது இருநூற்று நாற்பது. மின்சாரம் மின்சாரம்தானே என்று, யாருக்கும் சொல்லாமல் பெரிய சார்ஜரை எடுத்து வைத்துவிட்டுச் சின்னதைப் பைக்குள் போட்டேன். அவள் பையைத் தோளில் மாட்டியதும், "இன்னைக்கு லேசா இருக்கேப்பா" என்றாள். நான் பெருமையாகச் சிரித்துக்கொண்டேன்.

அங்கே நாங்கள் இருவரும் போய்ச் செருகினால், அந்த ஓட்டைக்குள் இது போகவே மாட்டேன் என்கிறது. பெரியது பேட்டரியில் முப்பத்தைந்து நிமிஷம் தாங்கினாலே பெரிய விஷயமாம். உங்கள் மருமகள் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. "அப்பா, எவ்வளவு நேரத்துல போயிட்டு வருவீங்க?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை. ஓடினேன். அறுபத்து மூன்று வயதில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓடினேன். இத்தனை வருஷம் உழைத்துப் பெண் ஏறிய படியில் கடைசிப் படியை நானே உருவிவிட்டேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டு ஓடினேன். எண்ணூற்றுத் தொண்ணூறு கிராம் திரும்பி வரும்போது எண்பத்தொன்பது கிலோவாகிவிட்டது.

மூச்சு வாங்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். திரை அந்த நிமிஷம்தான் அணைந்திருந்தது. ஆனால் உங்கள் மருமகள் நிறுத்தவில்லை. வெறும் திரைக்கு முன்னால் நின்று, கையை வீசி, "இங்க ஜன்னல், இங்க வெயில், இங்க ஒருத்தர் உட்கார்ந்தா யாரும் எழுப்ப மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தேர்வுக் குழுவில் இருந்த ஏழு பேரும் இல்லாத ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு பெண்ணைப் பெற்றதற்கு எனக்கு யார் முத்திரை குத்தித் தருவார்கள்?

அப்போது குழுத் தலைவி அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "அட, இவரை இப்பதானே பார்த்தோம்!" என்றார். ஏழு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வெளியே ஓடும்போது பார்த்திருப்பார்கள், இல்லையென்றால் பழைய நாளில் அவர்கள் கடைத் தராசுக்கு நான் முத்திரை வைத்திருப்பேன். மக்கள் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை.

நான்கு நாள் கழித்துக் கடிதம் வந்தது. நூலகம் நம்முடையது, மச்சான். உங்கள் மருமகள் வரைந்தபடியேதான் கட்டப்போகிறார்கள்.

ஆகவே என் கோரிக்கை. உங்கள் கம்பெனியில் மெலிய வைக்கும் பிரிவு எதுவோ அதில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள். மெல்லிய லேப்டாப் வாங்குகிறவர்கள் எல்லாரும் கடிதம் மட்டுமே படிக்கிறவர்கள் என்று நினைக்கவேண்டாம். கட்டடம் எழுப்புகிறவர்களும் பஸ்ஸில்தான் போகிறார்கள்; அவர்களுக்கும் தோள் இரண்டுதான். அதே மெல்லிய உடம்பில் பெரிய கார்டு வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வழி வையுங்கள். கொஞ்சம் தடித்தால் பரவாயில்லை, ஒன்றே முக்கால் கிலோ வரை நான் ஒப்புக்கொள்கிறேன், சார்ஜரோடு. விசிறி கத்தினாலும் பொறுத்துக்கொள்வோம், அதைவிடச் சத்தமாகத்தான் உங்கள் அக்கா பேசுகிறாள். ரோஜா நிறத்தை நிறுத்திவிட்டு அந்தச் செலவை இதில் போடுங்கள். தாய்மாமன் என்ற உரிமையோடு கேளுங்கள். மறுத்தால் நானே தராசோடு அங்கே வருகிறேன்.

உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் எல்லாக் காரியமும் நேராக, முள் அசையாமல் நடக்க வாழ்த்துகிறேன். குழந்தைகளுக்கு என் ஆசி. உங்கள் அக்கா தனியாகப் போன் செய்வாள்; நான் எழுதியதை அப்போது மறுப்பாள், நம்பவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு அத்தான்

பின்குறிப்பு: பிழை பார்க்க உங்கள் மருமகளிடம் இதைக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தாள். பிறகு, "அப்பா, முழுக் கட்டடமும் நீங்க வாங்கின லேப்டாப்லயே ஓடும். முதல் மாடியில ஜன்னலோரமா ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு. அவராலதான் நிக்குது" என்றாள். பெரியதில் போட்டுக் காட்டினாள். மேலே படியேறித் திரும்பினால், நாற்காலியில் நான்! மூக்குக் கண்ணாடியில் வெயில் விழுந்து உடைகிறது. சட்டைப் பையில் கொக்கித் தராசு எட்டிப் பார்க்கிறது. சட்டையில் நூல் தெரிகிறது. "முடியைக்கூட ஒண்ணொண்ணா வரைஞ்சியா?" என்றேன். "தலையில சுலபம்பா, கொஞ்சம்தான் இருக்கு. காதுல இருக்கறதுதான் மூணு நாள் ஆச்சு" என்றாள். என்னை எடுத்துவிட்டால் சின்னதிலேயே ஓடுமே என்று கேட்டேன். "ஓடும். எடுக்க மாட்டேன்" என்றாள்.

இரண்டு லேப்டாப்பையும் மறுபடி நிறுத்துப் பார்த்தேன், மச்சான். வித்தியாசம் இரண்டு கிலோ இருநூற்றுத் தொண்ணூறு கிராம். என் பெண்ணின் தோளில் இத்தனை நாள் இருந்த பாரம் நான்தான். ஆகையால் மேலே கேட்டதற்கு உங்கள் கம்பெனி அவசரப்பட வேண்டியதில்லை. பையை இனிமேல் நான் தூக்குகிறேன்.